புதுப்பிப்பு: அம்பாசிடருக்கு இசுசு டீசல்தான், கியர்பாக்ஸோடு

பழைய அம்பாசிடரின் 1489 சிசி டீசலுக்குப் பதில் எதைப் போடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவு: 1995 சிசி இசுசு, அதன் 5 கியர் பாக்ஸோடு சேர்த்தே. இன்ஜினை மட்டும் வாங்கினால் பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), கிளட்ச் என்று மதுரை பக்கம் கப்பலூர் லேத் பட்டறைக்கு நடையாய் நடக்க வேண்டும்.

பழைய இன்ஜின் பார்க்கக் காலையிலேயே போங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து போச்சு, அந்த இன்ஜினை விட்டுவிடுங்கள். வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட்டைப் புதிதாக மாற்றியே ஏற்றுங்கள், அறுந்தால் வால்வு வளையும். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டை வெட்டி நீளம் சரிசெய்தால், அது ஆடாமல் சுழல பேலன்சிங் கட்டாயம். இல்லாவிட்டால் திருமங்கலம் ரோட்டில் வேகம் 60 கி.மீ.யைத் தாண்டியதும் காலடித் தகடே அதிரும். ஆர்.டி.ஓ. அனுமதி முதலில், அப்புறம்தான் ஸ்பேனர். இன்ஜின் நம்பர் போட்ட பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.