புதுப்பிப்பு: நெஞ்சில் கட்டிய சீழ் அறுவை இல்லாமலே வடிந்தது

நிமோனியாவுக்குப் பிறகு அப்பாவுக்கு நுரையீரல் உறைக்குள் சீழ் கட்டியிருக்கிறது (எம்பைமா), டியூப் போட்டும் வடியவில்லை, அறுவைதான் ஒரே வழியா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பா வீடு திரும்பிவிட்டார்.

பலன் தந்தது, "டியூப் வழியாகவே இரண்டு மருந்து செலுத்துவார்கள், டாக்டரிடம் கேளுங்கள்" என்று ஒருவர் சொன்ன யோசனை. அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது சீழ் ஒரே இடத்தில் இல்லை. ஃபைப்ரின் (இரத்தம் உறையும்போது உண்டாகும் புரதம்) இழைகள் குறுக்குச்சுவர்போல எழுந்து அதை அறை அறையாகப் பிரித்திருந்தன. அந்த இரண்டு மருந்துகளில் ஒன்றான டிபிஏ அந்த இழைகளைக் கரைக்கும். இறந்த செல்களிலிருந்து வெளியேறும் டிஎன்ஏதான் சீழைக் கெட்டியாக்குகிறது. இரண்டாவது மருந்தான டிஎன்ஏஸ் அதை வெட்டி இளக்கும். 2011இல் வெளியான மிஸ்ட்-2 ஆய்வில் (210 நோயாளிகள்) இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் தெளிவான பலன் தெரிந்தது. டிஎன்ஏஸ் மட்டும் பெற்றவர்களில் அறுவைக்கு அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கை அதிகமாகவே இருந்தது. அதனால் ஜோடியாகத்தான் கேட்க வேண்டும். பெரிய டியூப் போடச் சொன்ன யோசனை தேவைப்படவில்லை.

எதிர்பாராதது ஒன்று: மருந்து உள்ளே போனதும் நெஞ்சுவலி கூடியது, வடிந்த நீரும் சிவந்தது. ரொம்பப் பயந்துவிட்டோம். வலியும் லேசான சிவப்பும் வரக்கூடியவைதான் என்றார் டாக்டர். ஆனால் நிஜமான இரத்தக்கசிவும் அபூர்வமாக நேரலாம். எனவே இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே கட்டாயம் சொல்லுங்கள்.

அப்புறம், டியூபை எடுத்த பின்னும் ஆன்டிபயாடிக் தொடர்கிறது. அது வாரக்கணக்கில் போகும்.