நிழலும் ஈரமும் இருந்தும் லைக்கன் ஏன் குறைவு?

கேள்வி:
திட்டப்பணிக்காக ஒரு காட்டில் மரப்பட்டை லைக்கன்களை (பூஞ்சையும் நுண்பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் உயிர்) எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஈரம் கூடினால் லைக்கனும் கூடும் என்று நம்பித்தான் இறங்கினேன். ஆனால் அண்ணாந்தால் வானமே தெரியாத அடர்ந்த பகுதியில் அடிமரம் முழுக்க மாஸ் பாசிதான். லைக்கன் என்று சொல்ல வெளிறிய பூச்சு ஒன்றிரண்டு. மர விதானம் கொஞ்சம் விட்டிருக்கும் இடத்திலோ நெஞ்சு உயரத்திலேயே இலை இலையாய் அப்பியிருக்கிறது. ஈரப்பதமானி நிழலில்தான் அதிகம் காட்டுகிறது. எங்கே தப்பு?

பதில் 1:
முறிந்து விழுந்த கிளைகளைப் பார்த்தீர்களா? நானும் ஒரு பருவம் முழுக்கத் தரையில் நின்றே எண்ணி, ‘இங்கே லைக்கன் மிகக் குறைவு’ என்று எழுதியவன். அப்புறம் ஒரு பெரிய மரம் சாய்ந்தது. அதன் உச்சிக் கிளைகளில் பட்டையே தெரியவில்லை, அவ்வளவு லைக்கன்!

லைக்கனுக்கு வேர் கிடையாது. மழை, பனி, மூடுபனி என்று எது வந்தாலும் உடம்பாலேயே உறிஞ்சும்; காய்ந்தால் அப்படியே உறங்கிவிடும். நனைந்திருக்கும்போதே வெளிச்சமும் விழுந்தால்தான் உள்ளிருக்கும் நுண்பாசி (ஆல்கா) உணவு தயாரிக்கும். இருட்டில் நனைந்து கிடந்தால் சுவாசத்திலேயே சேமிப்பு கரையும். காய்ந்து கிடந்தால் வரவும் இல்லை, செலவும் இல்லை. உங்கள் அடர்ந்த பகுதியில் செலவுதான் அதிகம் என்று தோன்றுகிறது. இன்னொன்று, சொட்டச் சொட்ட நனைந்தாலும் சிக்கல்: உடம்பில் தண்ணீர் அடைத்துக்கொண்டால் கரியமில வாயு எளிதில் உள்ளே போகாது.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் எல்லா லைக்கனையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். பச்சை நுண்பாசி உள்ள வகைகள் பல, காற்றின் ஈரத்திலேயே விழித்துக்கொள்ளும். நுண்பாசிக்குப் பதில் சயனோபாக்டீரியா (ஒளியில் உணவு தயாரிக்கும் பாக்டீரியா) உள்ளவற்றுக்குத் திரவமாகவே தண்ணீர் வேண்டும். நனைந்தால் ஜெல்லி போல் உப்பும் கறுப்புக் கொலேமா அந்த ரகம். அதனால் மழை எவ்வளவு, மூடுபனி எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்.

விதானம் திறந்தால் நல்லது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். மரம் வெட்டித் திடீரென்று வெயில் விழுந்தால், நிழலில் பழகிய லைக்கன் காய்ந்த நிலையிலேயே வெளுத்துப்போகும்.

கேள்வி கேட்டவர்:
அட, நான் ஈரப்பதம் எடுத்ததெல்லாம் காலை 11 மணிக்கு, ஒரே ஒரு தடவை. உச்சிக்கு ஏற எனக்குத் துணிச்சல் இல்லை, அதற்கு என்ன செய்வது?

பதில் 1:
ஏற வேண்டாம். புதிதாக விழுந்த கிளைகளைத் தனிப்பட்டியலாக வையுங்கள், அடிமரக் கணக்கோடு கலக்காதீர்கள். அடிமரத்தில் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 10 செ.மீ. சதுரங்கள் ஐந்தை ஏணி போல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நான்கு திசையிலும் எண்ணுங்கள். மாஸ் பாசி மூடிய சதுரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அது இடத்தைப் பிடித்துக்கொண்டால் லைக்கனுக்கு ஒட்டப் பட்டையே மிஞ்சாது. ஈரத்துக்குத் தானாகப் பதியும் கருவியை இரண்டு பகுதியிலும் சில வாரம் கட்டிவிடுங்கள். விடிந்த பிறகு பட்டை எத்தனை மணி நேரம் நனைந்தே இருக்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய எண்.