120 வாட் ஃப்ளைபேக் கொதிக்கிறது: ஃபார்வர்டுக்கு மாறலாமா?

கேள்வி

வணக்கம். 24 வோல்ட், 5 ஆம்பியர் தரும் ஃப்ளைபேக் (டிரான்ஸ்ஃபார்மரில் ஆற்றலைத் தேக்கி, பிறகு அவுட்புட்டுக்கு விடும் பவர் சப்ளை) ஒன்று செய்திருக்கிறேன். இன்புட் 230 வோல்ட் ஏசி, ரெக்டிஃபை ஆனதும் சுமார் 325 வோல்ட் டிசி. 65 கிலோஹெர்ட்ஸ், டர்ன்ஸ் ரேஷியோ 4:1, பிரைமரி 300 மைக்ரோஹென்றி, முழு லோடில் பீக் கரண்ட் 3.8 ஆம்பியர்.

பாதி லோடில் ஒரு தொல்லையும் இல்லை. முழு லோடில் ஸ்னப்பர் (சுவிட்ச் ஆஃப் ஆகும்போது எழும் வோல்டேஜ் ஸ்பைக்கை அடக்கும் கிளாம்ப் சர்க்யூட்) ரெசிஸ்டருக்குக் கீழே போர்டு பழுப்பாகிறது, அவுட்புட் கெபாசிட்டர்களில் விரல் வைக்க முடியவில்லை. சுவிட்சாக இருக்கும் 650 வோல்ட் மாஸ்ஃபெட்டின் டிரெயின் 560 வோல்ட் வரை போகிறது. இரண்டு சுவிட்ச் ஃபார்வர்டா (சுவிட்ச் ஆனில் இருக்கும்போதே ஆற்றலை அவுட்புட்டுக்குக் கடத்தும் வகை), ஹாஃப் பிரிட்ஜா, எல்எல்சியா (ரெசொனன்ட் வகை), எந்த சர்க்யூட்டுக்கு மாறலாம்?

பதில் 1

மாறுவது இருக்கட்டும், லீக்கேஜ் இண்டக்டன்ஸ் (செகண்டரியோடு இணையாத பிரைமரி இண்டக்டன்ஸ்) எவ்வளவு? செகண்டரியை ஷார்ட் செய்துவிட்டு பிரைமரியில் எல்சிஆர் மீட்டரை வைத்துப் பாருங்கள். அப்புறம், ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை நேராக பிரைமரி பக்கம் மாட்டவில்லையே?

கேட்டவர்

இல்லை சார், டிஃபரன்ஷியல் ப்ரோப்தான். லீக்கேஜ் 12 மைக்ரோஹென்றி. பிரைமரி முழுவதையும் சுற்றி, டேப் போட்டு, அதன் மேல் செகண்டரி.

பதில் 1

4 சதவீதம், ரொம்ப அதிகம். லீக்கேஜில் தேங்கும் ஆற்றல் மட்டும் 5.6 வாட். கிளாம்ப் 235 வோல்ட் (560 கழித்தல் 325), ரிஃப்ளெக்டட் வோல்டேஜ் (டர்ன்ஸ் ரேஷியோ வழியாக பிரைமரியில் தெரியும் அவுட்புட் வோல்டேஜ்) 100 என்றால் அதை 235/135 ஆல் பெருக்க வேண்டும். லீக்கேஜ் கரண்ட் அடங்கும்வரை பிரைமரியின் ஆற்றலும் கிளாம்புக்குள் போகிறது அல்லவா. ஆக, கிட்டத்தட்ட 10 வாட் அந்த ஸ்னப்பர் ரெசிஸ்டரில் எரிகிறது.

பாதி பிரைமரி, செகண்டரி, மீதி பிரைமரி என்று சாண்ட்விச்சாகச் சுற்றுங்கள். லீக்கேஜ் 1.5 சதவீதமானால் இதே கிளாம்ப் வோல்டேஜில் 4 வாட்டுக்குள் அடங்கும். வைண்டிங்குகளுக்கு இடையே கெபாசிட்டன்ஸ் ஏறி காமன் மோட் நாய்ஸ் (இரு ஒயர்களிலும் ஒரே திசையில் பாயும் இரைச்சல்) கூடும். இன்சுலேஷனும் இரண்டு இடத்தில் தேவை. செகண்டரிக்கு டிரிபிள் இன்சுலேட்டட் வயர் போட்டால் வேலை எளிது.

பதில் 2

ஸ்னப்பர் சூடு சுற்றிய விதத்தால் வருவது. கெபாசிட்டர் சூடு ஃப்ளைபேக்கோடு கூடப் பிறந்தது, சாண்ட்விச்சால் போகாது. செகண்டரியில் பீக் 15 ஆம்பியர், முக்கோண வடிவம். கெபாசிட்டருக்குள் ரிப்பிள் மட்டும் 5.5 ஆம்பியர் ஆர்எம்எஸ், லோடு கரண்டையே மிஞ்சிவிட்டது! ஃபார்வர்டில் சோக் (அவுட்புட் இண்டக்டர்) ரிப்பிளை 1.5 ஆம்பியர் பீக்-டு-பீக் என வைத்தால் கெபாசிட்டரில் 0.43 ஆம்பியர்தான்.

இரண்டு சுவிட்ச் ஃபார்வர்டில் லீக்கேஜ் ஆற்றல் இரண்டு டயோடுகள் வழியாக பஸ்ஸுக்கே (325 வோல்ட் டிசி லைனுக்கே) திரும்புகிறது. மாஸ்ஃபெட் பஸ் வோல்டேஜைத்தான் தாங்க வேண்டும், 500 வோல்ட் ரகமே போதும். பதிலுக்கு மேல் சுவிட்சுக்குத் தனி கேட் டிரைவ், ஒரு சோக், 50 சதவீதத்துக்குள் டியூட்டி (சுவிட்ச் ஆனில் இருக்கும் நேரப் பங்கு) ஆகியவை வேண்டும்.

ஹாஃப் பிரிட்ஜில் பீக் கரண்ட் மோட் (ஒவ்வொரு சுழற்சியிலும் பீக் கரண்டைப் பார்த்து சுவிட்சை ஆஃப் செய்யும் கட்டுப்பாடு) வைத்தால் கெபாசிட்டர்களின் நடுப்புள்ளி நகர்ந்துவிடும், அதை எடுக்க வேண்டாம். எல்எல்சி நல்லதுதான், ஆனால் பிஎஃப்சிக்கு (பவர் ஃபேக்டரைத் திருத்தும் முன் நிலைக்கு) பின்னால், பஸ் அதிகம் ஆடாத இடத்தில். ஒரே அவுட்புட், 230 மட்டும் என்றால் என் ஓட்டு இரண்டு சுவிட்ச் ஃபார்வர்டுக்கு.

கேட்டவர்

ஒரே அவுட்புட்தான். இருக்கும் கோரையே பயன்படுத்தலாமா?

பதில் 2

சைஸ் போதும் என்றால் கேப் (கோரின் நடுவில் விடும் காற்று இடைவெளி) இல்லாத ஜோடியாக வாங்கிப் போடுங்கள். கேப்போடு வைத்தால் மேக்னடைசிங் கரண்ட் வீணாக ஏறும். இப்போதைக்கு ஃப்ளைபேக்கையே ஓட்டுவதானால், குறைந்த ஈஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ்) கெபாசிட்டர்களை இணையாகப் போட்டு ரிப்பிளைப் பகிர்ந்துவிடுங்கள்.