மறு: 'கிராக் ப்ராபகேஷன்': விரிசல் வளர்ச்சியா, விரிசலோட்டமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பொருளுக்குள் விரிசல் பரவிச் செல்வதைக் குறிக்கும் 'கிராக் ப்ராபகேஷ'னுக்குத் தமிழில் எந்தச் சொல் என்ற பேச்சைத் தொடர்கிறேன்.

> 'விரிசல் வளர்ச்சி' என்றே போட்டுவிடலாமே. எல்லாருக்கும் புரியும். புதுச்சொல் எதற்கு?

புரியும், ஐயா. ஆனால் என்னவென்று புரியும் என்பதில்தான் எனக்குத் தயக்கம். வளர்ச்சி என்றால் நீளம் கூடுவது. 1963-இல் பாரிஸ், எர்டோகன் என்ற ஆய்வாளர்கள் தந்த சமன்பாட்டுக்கு அந்தச் சொல் அச்சாகப் பொருந்தும். உலோகத்தில் சுமை ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் விரிசல் எவ்வளவு நீள்கிறது என்பதே அங்கே கேள்வி. அதற்கு 'விரிசல் வளர்ச்சி'யை அப்படியே விட்டுவிடுவோம்.

இந்த இழையில் நாம் பேசுவது கண்ணாடி, பீங்கான், பாறை போன்றவற்றை. இங்கே விரிசலை முன்கூட்டிக் கணிக்கும் கணினி நிரலிடம் கேட்பது வேறு: விரிசல் எப்போது கிளம்பும், எந்தப் பக்கம் திரும்பும், எங்கே கிளைவிடும்? நீளம் இவற்றுக்குப் பின்னால் வருவது.

இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த கிரிஃபித் 1921-இல் வெளியிட்ட கட்டுரையை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி தாங்க வேண்டிய தகைவில், அதாவது ஓர் அலகுப் பரப்பில் வரும் விசையில், ஏறத்தாழ நூறில் ஒரு பங்கிலேயே ஏன் உடைகிறது என்பது அவர் எடுத்துக்கொண்ட புதிர். அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்களே காரணம் என்றார். அவர் போட்டது வரவுசெலவுக் கணக்கு. விரிசல் சற்று நீண்டால், சுற்றியுள்ள பொருளில் தேங்கியிருக்கும் மீள்ஆற்றல் கொஞ்சம் விடுபடும், அது வரவு. புதிதாக இரண்டு பரப்புகளைத் திறக்க ஆற்றல் வேண்டும், அது செலவு. வரவு செலவை எட்டிவிட்டால் விரிசல் கிளம்பிவிடும். கீறல் நான்கு மடங்கு நீண்டால் தாங்கும் தகைவு பாதியாகிவிடும். அதனால்தான் சுமை குறையாதவரை, கிளம்பியது நிற்பதில்லை. கண்ணாடியில் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் வரை போகும். இதைப் போய் வளர்ச்சி என்பதா?

இந்தக் கணக்கு, விரிசல் எப்போது கிளம்பும் என்று சொல்லும். எந்த வழியில் போகும் என்று சொல்லாது. வழியை நாம்தான் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அந்த வழியைத் தேடும் வேலைக்குத்தான் கணினி வந்தது. 1993-இல் யூசே, சானோ என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் செய்த சோதனை இதற்கு நல்ல உரைகல். சூடாக்கிய மெல்லிய கண்ணாடிப் பட்டையை மெதுவாகக் குளிர்ந்த நீருக்குள் இறக்கினார்கள். வேகமும் வெப்பநிலை வேறுபாடும் குறைவாக இருந்தால் விரிசல் நேர்கோடாக வரும். கூட்டினால் அலை அலையாக நெளியும். இன்னும் கூட்டினால் கிளைவிடும். விரிசல் கணிப்பதாகச் சொல்லும் நிரல் இந்த நெளிவைத் தானாகக் காட்டுகிறதா என்று பார்க்கலாம். 'வளர்ச்சி' என்ற சொல்லில் இந்த நெளிவுக்கு இடமே இல்லை.

நம் பேச்சிலோ சொல் தயாராக இருக்கிறது. "சுவர்ல விரிசல் ஓடியிருக்கு பாரு" என்கிறோம். வேரோடுதல், இழையோடுதல், புரையோடுதல் எல்லாவற்றிலும் ஒன்று தன் வழியைத் தானே கண்டுகொண்டு ஊடுருவிப் போகிறது. தடமும் வேகமும் ஒரே வினையில் அடங்கிவிடுகின்றன. ஆகவே என் பரிந்துரை விரிசலோட்டம். 'விரிசல் ஓடுதடம்', 'ஓட்ட வேகம்' என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வரும்.

> ஓட்டம் என்றால் மின்னோட்டம், நீரோட்டம் போல ஏதோ பாய்வதாகத் தோன்றாதா?

தோன்றலாம். ஆனால் 'வேரோட்டம்' என்று கேட்டதும் வேருக்குள் பாயும் நீரை யாரும் நினைப்பதில்லை. முன்னால் நிற்கும் சொல் பொருளைத் திருத்திவிடும்.

> கண்ணாடியிலும் மெதுவாக வளரும் விரிசல் உண்டே. கார் முன்கண்ணாடியில் கல் பட்ட இடம் நாள்கணக்கில் நீள்கிறது.

மறுக்கவில்லை, அக்கா. காற்றிலுள்ள ஈரம் விரிசல் நுனியில் பிணைப்புகளைத் தளர்த்துவதால் நடப்பது அது. அதை 'வளர்ச்சி' என்று சொல்வதே சரி. இரண்டு நிகழ்வுகளும் ஒரே கண்ணாடியில் நடப்பதால்தான் இரண்டு சொற்கள் வேண்டும் என்கிறேன்.

'பிளவு' அணுக்கருவுக்குப் போய்விட்டது. 'வெடிப்பு' என்றால் ஒரு பாதிப்பேர் குண்டை நினைப்பார்கள், மறுபாதி குதிகாலை. 'முறிவு' ஃப்ராக்சருக்கு இருக்கட்டும். வளைந்து கொடுக்காமல் சட்டென உடையும் தன்மையான 'பிரிட்டில்' என்பதற்கு 'நொறுங்கும்' என்பது எனக்கு முழுத் திருப்தி தரவில்லை, வார்ப்பிரும்புச் சட்டம் நொறுங்காமல் இரண்டாக ஒடிந்தாலும் அது பிரிட்டில்தான். ஆனாலும் பாடநூல்களில் ஊறிப்போன சொல்லோடு இப்போது மல்லுக்கட்ட வேண்டாம்.

விரிசலைக் கணினியில் கணிக்கும் ஒரு முறையின் பெயரான 'ஃபேஸ் ஃபீல்ட்' விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'கட்டப்புலம்' தவறு. கட்டம் என்பது அலையின் ஃபேஸ். இந்தப் பெயரோ உருகிய பொருள் உறைவதைக் கணிக்கும் முறைகளிலிருந்து வந்தது. ஓரிடத்தில் இருப்பது திண்மமா நீர்மமா என்று சொல்வது அந்தப் புலம். அந்த ஃபேஸைத் தமிழக நூல்கள் 'நிலைமை' என்கின்றன, ஈழத்தில் 'அவத்தை'. ஃபிராங்க்ஃபோர், மாரிகோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998-இல் கிரிஃபித்தின் கணக்கையே திருப்பி எழுதினார்கள்: இருக்கக்கூடிய எல்லா விரிசல் வழிகளிலும் மொத்த ஆற்றல் எதில் மிகக் குறைவோ, அதுவே வழி. அதைக் கணினியில் தீர்க்க 2000-இல் பூர்தான் என்பவரோடு சேர்ந்து, விரிசல் என்னும் கூரான கோட்டினை மெல்லிய பட்டையாகக் கரைத்தார்கள்; அந்தப் பட்டையைக் காட்டுவதே இங்கே புலம். ஓரிடத்தில் மதிப்பு 0 என்றால் பொருள் முழுதாக இருக்கிறது, 1 என்றால் முற்றிலும் அறுந்துவிட்டது என்று இன்று பலர் எழுதுகிறார்கள். பட்டையின் அகலத்தைவிடக் பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் கணிப்பு வலையின் கண்கள் சிறியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் விரிசலுக்கு ஆகும் ஆற்றல் செலவே பிழையாக வரும்.

ஆக அந்தப் புலம் அளப்பது, பொருள் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை. 'சிதைவுப்புலம்' எனலாம், ஆனால் கதிரியக்கச் சிதைவு குறுக்கே நிற்கிறது. சேதப்புலம் என்பேன். வடசொல் என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: வடமொழியில் 'சேத'த்துக்கு வெட்டு, அறுப்பு என்பதே பொருள். விரிசலுக்கு இதைவிட நெருக்கமாக என்ன வேண்டும்?

சிமுலேஷனுக்கு 'பாவனை' வேண்டாம். இலங்கையில் பாவனையாளர் என்றால் பயனர். 'உருவகப்படுத்துதல்' என்றால் அணியிலக்கணம் நினைவுக்கு வருகிறது. 'ஒப்புருவாக்கம்' என்ற முன்மொழிவுக்கு என் வாக்கு.

சொற்பட்டியலில் ஸ்ட்ரெஸுக்குத் 'தகைவு' மட்டும் இருக்கிறது. ஈழ வழக்கான 'தகைப்பு' என்பதையும் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.