9 அங்குலச் சுவருக்கு 1:4 கலவையா, 1:6 கலவையா?

கடலோர மனை:
கடலூர் தேவனாம்பட்டினம். கடல் ஒரு கிலோமீட்டருக்குள். தரைத்தளம் மட்டும், தூண் கிடையாது. 9 அங்குலச் சுவர் மேலேயே கான்கிரீட் கூரை. சேம்பர் செங்கல் (அறைச்சூளையில் சுட்டது), எம் சாண்ட் (பாறையை உடைத்து எடுக்கிற மணல்). உப்புக்காற்றுக்கு 1:4 (ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல்) போட்டால்தான் தாங்கும் என்கிறார் கொத்தனார். இன்ஜினியர் 1:6 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். போர் தண்ணீர் லேசாகக் கரிக்கும். யார் பேச்சைக் கேட்பது?

கெடிலக்கரை:
கொத்தனார் பேச்சை. 1:6 கலவையில் சிமெண்ட் குறைவு, ஈரம் சுலபமாக ஊறும். மழை காற்றோடு சாய்ந்து அடிக்கிற ஊர் இது. 2011-ல் தானே புயல் கரை கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான். ஆயிரம் சதுர அடி சுவருக்கு 1:6-க்கு ஏறக்குறைய 29 மூட்டை, 1:4-க்கு 40 மூட்டை. பதினோரு மூட்டைக்குக் கணக்குப் பார்க்கிற இடமா இது?

ரசமட்டம்:
சாரல் கலவைக்குள் ஊறி வருவது கொஞ்சம்தான். கல்லுக்கும் கலவைக்கும் நடுவே விடுகிற மயிரிழை விரிசல் வழியாகத்தான் அதிகம் வருகிறது. சிமெண்ட் கூடக்கூடக் கலவை காயும்போது சுருங்கும், அந்த மயிரிழையும் கூடும். அஸ்திவாரம் கொஞ்சம் இறங்கினாலும் பாருங்கள்: 1:6 சுவரில் விரிசல் இணைப்போடு ஏணிப்படி மாதிரி ஓடும், கீறி அடைத்துவிடலாம். கலவை கல்லைவிடக் கெட்டியாக இருந்தால் கல்லையே பிளந்துகொண்டு ஓடும்.

வலிமைக்கு ஐ.எஸ். 1905 என்கிற இந்தியத் தரநிலையில் அட்டவணை இருக்கிறது. சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் வலிமையுள்ள கல்லுக்கு 1:4 போட்டாலும் 1:6 போட்டாலும் அனுமதிக்கிற அழுத்தம் அதே 0.35. கூடுதல் சிமெண்டுக்குப் பலன் பூஜ்யம்.

கெடிலக்கரை:
அட்டவணையின் அடுத்த கட்டங்களையும் சொல்லுங்கள் சார். 7.5 கல்லுக்கு 1:4-ல் 0.74, 1:6-ல் 0.59. நல்ல சேம்பர் கல் வாங்கிவிட்டு அதன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்கள். இன்னொன்று, சைட்டில் யார் 1:6 போடுகிறார்கள்? மணலைப் பாண்டு (இரும்புச் சட்டி) பாண்டாக, கூம்பு வைத்து அள்ளிக் கொட்டினால் அது 1:8. 1:4 என்று சொன்னால்தான் 1:6-ஆவது கிடைக்கும்.

ரசமட்டம்:
0.59 சரிதான். ஆனால் தேவை எவ்வளவு? 12 அடி அறைகள் இரண்டுக்கு நடுவில் உள்ள சுவர் இரண்டு பக்கக் கூரைப் பாரத்தையும் வாங்கும். தன் எடையையும் சேர்த்தால் அடியில் வருவது சுமார் 0.16. சுவரின் உயரத்துக்காக 0.59-ல் கொஞ்சம் கழித்தாலும் மூன்று மடங்குக்கு மேல் கையில் இருக்கிறது.

அளவு தப்புகிறது என்றால் அளவைத் திருத்துங்கள், விகிதத்தை ஏன் மாற்ற வேண்டும்? உள்ளளவு 40 செ.மீ. நீளம், 35 அகலம், 25 உயரத்தில் பலகைப் பெட்டி ஒன்று அடித்தால் 35 லிட்டர். ஒரு மூட்டை சிமெண்ட் அதே 35 லிட்டர்தான். மூட்டைக்கு ஆறு பெட்டி மணல், மேலே மட்டக்கோலால் தட்டி எடுக்க வேண்டும். ஈர மணல் உப்பிக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம். கால் பங்கு உப்பியிருந்தால் ஆறு பெட்டியில் இருப்பது ஐந்து பெட்டிக்கும் குறைவான மணல். மழைநாளில் உங்கள் 1:6 தானாகவே 1:5-ஐ நெருங்கிவிடும்.

சாரலுக்குப் பயந்தால் கலவையை விட்டுவிட்டு நடு இணைப்பைப் பாருங்கள். 9 அங்குலச் சுவரில் உள்கல்லுக்கும் வெளிக்கல்லுக்கும் நடுவில் கலவை இறங்காமல் மேலே ஒரு பூசு பூசி மூடிவிடுவார்கள். ஒவ்வொரு வரிக்கும் அதில் கரண்டி முனையை விட்டுக் குத்தி நிரப்பச் சொல்லுங்கள். கல்லின் பள்ளம் மேலே பார்க்கட்டும், இணைப்பு 10 மி.மீ. தாண்ட வேண்டாம், ஒரு நாளைக்கு 5 அடி உயரத்தோடு நிறுத்துங்கள்.

முத்தியால்பேட்டை:
நீங்கள் இரண்டு பேரும் சிமெண்டுக்கு அடித்துக்கொள்கிறீர்கள், உப்பை விட்டுவிட்டீர்கள். காற்றில் வருவதைவிடக் கல்லிலும் தண்ணீரிலும் வருகிற உப்புதான் பூச்சைத் தள்ளும். உப்பு நீரோடு ஏறும். நீர் ஆவியாகிற இடத்தில் படிகமாகிப் பூச்சை உரித்துவிடும். கெட்டியாகப் பூசி அடைத்தால் இன்னும் இரண்டடி மேலே போய் வெடிக்கும்.

கல் வாங்குமுன் தட்டில் ஒரு அங்குலம் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, கல்லைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நீர் முழுதும் வற்றியதும் அதே அளவு இன்னொரு தடவை. அதுவும் வற்றிய பிறகு, வெள்ளைப் பூப்பு கல்லின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குள் மெல்லிசாக இருந்தால் சரி. பாதிக்கு மேல் பூத்தால் அந்த லோடு வேண்டாம்.

கலவைக்கு என் ஓட்டு 1:1:6, சிமெண்ட், சுண்ணாம்பு, மணல். வலிமை 1:6 அளவுதான், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கரண்டியில் வெண்ணெய் மாதிரி வழுக்கும், மயிரிழை குறையும்.

கெடிலக்கரை:
சுண்ணாம்பை முந்தின நாளே ஊறவைக்க வேண்டும். அதற்கு இங்கே எந்த மேஸ்திரி காத்திருப்பார்? புதுச்சேரிப் பழைய வீடுகளுக்கு அது பொருந்தும், புது வீட்டில் நடக்காது.

சரி, மேல் சுவருக்கு 1:6 என்றே வைத்துக்கொள்வோம், பெட்டி அளவு என்றால் மட்டும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரும் 1:4-தான், இதில் பேச்சே இல்லை. பேஸ்மட்டத்துக்கும் (வீட்டுத் தளத்துக்குக் கீழே உள்ள சுவர்) 1:4 கேட்பேன்.

ரசமட்டம்:
தடுப்புச் சுவருக்கு ஒத்துக்கொள்கிறேன். பேஸ்மட்டத்துக்கு 1:5 போதும், ஆனால் அதன் மேல் டி.பி.சி. (ஈரம் மேலே ஏறாமல் தடுக்கிற அடுக்கு) விட்டுப்போகக் கூடாது. அது இல்லாமல் 1:3 போட்டாலும் உப்பு ஏறும்.

கடலோர மனை:
பெட்டி அடிக்கச் சொல்லிவிட்டேன். செங்கல்லை நனைக்கவும் கட்டிய சுவருக்கு ஊற்றவும் மட்டும் போர் தண்ணீர் போதாதா? கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்கிறேன்.

முத்தியால்பேட்டை:
கூடாது. கல் ஊறும்போது நீரோடு உப்பையும் சேர்த்துக் குடிக்கிறது. கியூரிங்கில் ஏழு நாளும் ஊற்றுகிற நீர் ஆவியாகிவிடும், உப்பு சுவரிலேயே தங்கும். கலவையைவிட இதற்குத்தான் நீர் அதிகம் போகும், அதையும் கணக்கில் வைத்து வாங்குங்கள்.

ரசமட்டம்:
நனைப்பதிலும் ஒன்று. குமிழி நிற்கும்வரை தொட்டியில் கிடக்கட்டும். எடுத்து, மேலே நீர்ப்பளபளப்பு போன பிறகு வையுங்கள். வைத்து ஐந்து நிமிடத்தில் ஒரு கல்லைப் பெயர்த்துப் பாருங்கள்: அடியில் கலவை பொடியாக உதிர்ந்தால் கல் தாகத்தோடு இருந்திருக்கிறது, கல் வழுக்கி நகர்ந்தால் ஈரம் அதிகம். இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு கிழிந்து வந்தால் அடுத்த வரியை ஆரம்பிக்கலாம்.