புதுப்பிப்பு: ஆன்கோவ் என்ற கார்னிஷ் குடும்பப்பெயர்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலின் குடும்பப்பெயர்கள் பற்றிய முந்தைய இழையில் ட்ரெ, போல், பென் என்று தொடங்கும் ஊர்வழிப் பெயர்களோடு நிறுத்தியிருந்தேன். ஆன்கோவ் பற்றிப் பலர் கேட்டதால் இந்தப் புதுப்பிப்பு.

இது தொழில்வழிப் பெயர். கார்ன்வாலின் சொந்த மொழியான கார்னிஷில் 'கோஃப்' என்றால் கொல்லர். முன்னால் வரும் 'ஆன்' ஆங்கிலத்தின் 'the' போல வெறும் சுட்டு. பிரான்சின் பிரிட்டனி பகுதியில் பேசும் பிரெட்டன் மொழியிலும் கொல்லருக்கு இதே வேர்தான். அங்கே லெ கொஃப் என்ற பெயர் தெருவுக்குத் தெரு உண்டு; ஆன்கோவ் மட்டும் அரிது.

இந்தப் பெயரைச் சொன்னாலே 1497 நினைவுக்கு வரும். ஸ்காட்லாந்துப் போருக்காக இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றி வரி போட்டதும், செயின்ட் கெவெர்ன் ஊர்க் கொல்லர் மைக்கேல் ஜோசஃப், அதாவது 'ஆன் கோஃப்', கார்ன்வால் மக்களைத் திரட்டிக்கொண்டு லண்டன் வாசல்வரை போனார். ஜூன் 17 அன்று தோல்வி. பத்தே நாளில் மரண தண்டனை. தன் பெயர் என்றும் அழியாது என்று சொல்லிவிட்டுத்தான் செத்தாராம். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அப்புறம், ஆஸ்திரேலியாவில் ஆன்கோவ் என்றால் ஒயின்தான். கார்ன்வாலிலிருந்து போன மருத்துவர் வில்லியம் ஆன்கோவ் 1886-இல் தென் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய தொழிலை இன்றும் அந்தக் குடும்பமே நடத்துகிறது.