அக்காவின் கீமோ பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், ட்ரிப்பிள் நெகட்டிவ் வகை. புற்றுக்கலங்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 என்ற மூன்று ஏற்பிகளும் (வளரத் தூண்டும் சமிக்ஞையை வாங்கும் புரதங்கள்) இல்லாததால் ஹோர்மோன் மாத்திரை பலன் தராது. கீமோதான் பிரதான சிகிச்சை. மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் அடுத்த வாரம் தொடங்குகிறார்கள்.

இதற்கிடையில் சொந்தக்காரர்கள், "புற்றுநோய்க்குச் சீனிதான் தீனி, சோறு பழம் எல்லாத்தையும் நிறுத்து, நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின் மாத்திரையைப் போடு" என்று வற்புறுத்துகிறார்கள். அக்காவோ ஏற்கனவே நன்றாக மெலிந்துவிட்டார்.

தேடிப் படித்தேன். புற்றுக்கலங்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி இழுப்பதை ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார், அது உண்மை. ஆனால் கீமோவுக்குத் தப்பும் ட்ரிப்பிள் நெகட்டிவ் கலங்கள், கலத்துக்குள் சக்தி தரும் இழைமணிகளை (மைட்டோகொண்ட்ரியா) நம்பிப் பிழைப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். இழைமணிகள் சக்தி தருவதைத் தடுக்கும் ஒரு மருந்து எலிகளில் கட்டி திரும்ப வளர்வதைத் தாமதப்படுத்தியது. ஆனால் மனிதரில் பக்கவிளைவுகளால் அந்த மருந்தின் சோதனையை நிறுத்த வேண்டி வந்தது. மெட்ஃபோர்மினும் கைகொடுக்கவில்லை: நீரிழிவு இல்லாத 3,600க்கு மேற்பட்ட மார்பகப் புற்றுநோயாளிகளிடம் செய்து 2022இல் வெளியான ஆய்வில், நோய் திரும்புவதை அது குறைக்கவில்லை. அதனால் டொக்டரைக் கேட்காமல் எதையும் கொடுக்க எனக்கு மனமில்லை.

கொழும்பில் கீமோ நோயாளிகளுக்குத் தமிழில் விளங்கப்படுத்தும் உணவியலாளர் யாரையாவது தெரியுமா? வாய்ப்புண், குமட்டல் நேரத்தில் உங்கள் வீட்டில் என்ன சாப்பாடு இறங்கியது? புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்பவர்கள் இருந்தால், முதல் கிளினிக்கில் டொக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டியவற்றைச் சொல்லுங்கள். அப்புறம், மூலிகை வைத்தியம் மட்டும் தயவுசெய்து வேண்டாம். இன்பொக்ஸிலும் எழுதலாம்.